அங்க தக்காளி என்ன வெல?

அதையா கேக்க? சரியாப் போச்சு போ! கப்பல் கெளம்பி இன்னும் கரைகூட மறையல, அதுக்குள்ள இந்தக் கேள்வியக் கேட்டுப்பிட்டியே தாயி. தீவுல குடும்பம் நடத்த என்ன ஆவும், மெட்ராஸுல ஆவுறதவிடக் கூடவா கொறைச்சலான்னு. வேற எதாச்சும் கேளேன். பாம்பு உண்டா, பூச்சி உண்டா, கரண்டு போவுமான்னு கேளு. புதுசா வாரவுக எல்லாம் அதத்தான் கேப்பாக. நீ நேரா அடிமடியிலயே கைய வச்சிட்ட.

இல்ல இல்ல, கோவம் ஒண்ணுமில்ல. நீ கேட்டதுல தப்பு இல்ல. கல்யாணம் ஆயி மொதமொதல்ல மாப்பிள்ளைகிட்டப் போற, கையில இருக்கதுக்குள்ள காலத்த ஓட்டணும், கேக்கத்தான் செய்யணும். சொல்லுதேன். இந்தக் கட்டிலும் அந்தக் கட்டிலுமாத்தான கெடக்கப் போறோம், போர்ட் பிளேர் வரைக்கும். காலக் கொஞ்சம் தள்ளி வையி. அந்தப் பைய மிதிச்சிராத. சின்ன வெங்காயம் இருக்கு.

எம் பேரு உலகம்மா. ஊரு தென்காசிப் பக்கம். கழுத்துல தாலி ஏறுன கையோட அந்தமானுக்குக் கப்பல் ஏறுனவ, இப்ப தலையே நரைச்சிட்டு. வீட்டுக்காரருக்கு பொதுப்பணித்துறையில ரோடு போடுற வேலை. போர்ட் பிளேர்ல எறங்கி, போட்டுல எதுத்த கரைக்குப் போனா பாம்பூ பிளாட். அங்க எங்க மாமனாரு காலத்துல கெடச்ச எடத்துல வீடு.

எனக்குப் பொறவு பொறந்தவ ஒருத்தி. முத்துப்பேச்சி. பேச்சின்னுதான் கூப்பிடுவேன். அவள மெட்ராஸுல குடுத்தது. கொருக்குப்பேட்டையில வாடகை வீடு. அவ மாப்பிள்ளை சுடலைமணி லோடு ஆட்டோ ஓட்டுவாரு, தங்கமான மனுசன். ஆம்பளப் பிள்ள ஒண்ணு, பொம்பளப் பிள்ள ஒண்ணு.

ஞாயித்துக்கிழமை வந்தா எனக்கும் அவளுக்கும் போன். நல்லாருக்கியா சாப்ட்டியா எல்லாம் ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும். பொறவு ஆரம்பிக்கும் பாரு.

“யக்கா, அங்க தக்காளி என்ன வெல?”

“நீ மொதல்ல சொல்லுட்டி.”

“முப்பதுக்கா. கொள்ளையடிக்கான்.”

“முப்பதா! ஏட்டி, முப்பது ரூவாய்க்கு எங்க ஊருல தக்காளியத் தொட்டுப் பாக்க விடமாட்டான். நூறு!”

“அடியாத்தி!”

அந்த அடியாத்தியக் கேக்கணுமே எனக்கு! அதக் கேட்டாத்தான் அந்த வாரம் நல்லாப் போவும். யாரு ஊருல வெல கூடவோ அவ ஜெயிச்சா. யாரு ரொம்பக் கஷ்டப்படுதாளோ அவ பெரியவ. இப்பிடி ஒரு போட்டி அக்கா தங்கச்சிக்குள்ள எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா? சிரிக்காத. நீயும் உங்கக்காகூடப் பேசிப் பாரு, இதத்தான் பேசுவ.

அவளும் லேசுப்பட்டவ இல்ல. தக்காளியில தோத்தா கேஸு சிலிண்டர இழுப்பா. கேஸுல தோத்தா பள்ளிக்கூட பீஸு. எல்லாத்துலயும் தோத்தா கடைசியா வாடகை. வாடகைன்னு வாயத் தொறந்தா நான் பேச்ச மாத்திருவேன். எங்களுக்குத்தான் வாடகை கெடையாதுல்லா. “எங்க கொழாயில தெனமுமா தண்ணி வருது, நீ வேற”ன்னு ஆரம்பிச்சிருவேன். அவ வாய மூடிக்கிடுவா.

அதுக்காவ நான் பொய் சொன்னேன்னு நெனைச்சிராத. எங் கையில அடிச்சிச் சத்தியம் வாங்கிக்கோ, நான் சொன்ன வெல ஒண்ணுகூடப் பொய் வெல கெடையாது. எல்லாம் கடைக்காரன் வாயால சொன்னதுதான். என்ன, கடல் கொந்தளிச்சு கப்பல் வராமப் போற வாரம் உண்டு பாரு, அந்த வாரத்து வெலையாச் சொல்லிருப்பேன். நல்ல வாரத்துல அம்பதுக்கும் அறுவதுக்கும் கெடக்கத்தான் செய்யும். அத யாரு ஞாவகம் வச்சிருப்பா? வயித்தெரிச்சல்தான மனசுல நிக்கும்.

தேங்காயா? தேங்காயப் பத்தி எதுக்குச் சொல்லணும்? அது நம்ம மரம். காசு குடுத்து வாங்குனாத்தான வெல. வாழைக்காயும் அப்பிடித்தான், பப்பாளியும் அப்பிடித்தான், பின்னால தானா மொளைச்சுக் கெடக்கு. மீனுக்கும் நாங்க காசு குடுக்கது இல்ல. பக்கத்து வீட்டுல ஒரு ரெட்டியாரு, ஆந்திராக்காரரு, படகு வச்சிருக்காரு. போறபோக்குல நம்ம வாசல்ல நாலு மீன வச்சிட்டுப் போவாரு, நான் அவுகளுக்கு ரெண்டு தேங்கா குடுப்பேன். இதெல்லாம் வெலவாசியில சேராது. நீயே சொல்லு, சேருமா?

எங்க வீட்டுக்காரரு ஒருநா போனு பேசுறதக் கேட்டுக்கிட்டே இருந்துட்டு, “ஏளா, தேங்கா வித்த காச மட்டும் ஏன் உன் தங்கச்சிகிட்ட சொல்ல மாட்டேங்க”ன்னாரு. “உங்க சோலியப் பாருங்க”ன்னுட்டேன். ஆம்பளைக்கு என்ன தெரியும்?

அந்த வெலையக் கேட்டுக் கேட்டு பேச்சிக்கு மனசு பொறுக்காது. மெட்ராஸுல இருந்து தெரிஞ்சவுக தெரியாதவுக யாரு வந்தாலும் ஒரு பை குடுத்து விடுவா. அது எங்க ஊருல எல்லா வீட்டுலயும் உள்ளதுதான், கடலுக்கு அக்கரையில, மெட்ராஸுல இருந்து வாரவுக வெறுங்கைய வீசிக்கிட்டு வரமாட்டாக. ஆனா இவள மாதிரி ஒருத்தியும் கெடையாது. கப்பல் என்னைக்குன்னு கேட்டு வச்சிக்கிட்டு, ரெண்டு பஸ்ஸு மாறி துறைமுக வாசல்ல வந்து நிப்பா. மொகந்தெரியாத ஆளுகிட்ட, “அண்ணே, எங்கக்கா பாம்பூ பிளாட்ல இருக்கா, பாவம், அங்க ஒண்ணும் கெடைக்காது”ன்னு கெஞ்சிக் குடுத்து விடுவா. சின்ன வெங்காயம், முருங்கைக்கா, கருவேப்பிலை, நல்ல புளி. கருவேப்பிலை எங்க வீட்டுலயே நிக்கி. ஆசையா அனுப்புதா, வேண்டாம்னா மொகம் வாடிரும்னு நான் சொல்லிக்கிடல.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. போன மழைக்கு முன்னால, ஆடி மாசம்னு நெனைக்கேன், பேச்சி போட்டியில தோக்க ஆரம்பிச்சா. தோக்கன்னா எப்பிடி? சண்டையே போடாமத் தோக்கா. நான் “அங்க என்ன வெல”ன்னு கேட்டா, “எங்க ஊரு வெல என்னக்கா பெரிய வெல, உனக்குத்தான் கூட”ன்னுருவா. கேஸக் கேட்டேன். “உனக்குத்தான் கூடக்கா.” வாரா வாரம் இதே பதிலு. எனக்கு ஒரே கொண்டாட்டம். சின்ன வயசுல இருந்து என்னால வாயில ஜெயிக்க முடியாதவ, கடைசியில ஒத்துக்கிட்டா பாத்தியான்னு வீட்டுக்காரர்ட்டகூடச் சொல்லிச் சிரிச்சேன்.

பொறவு ஒரு ஞாயித்துக்கிழமை அவளே கேட்டா. மெதுவாத்தான் கேட்டா.

“யக்கா, சும்மா ஒரு பேச்சுக்குத்தான். ஒரு நாலு பேரு உள்ள குடும்பம் உங்க ஊருக்கு வந்தா மாசம் என்னக்கா ஆவும்?”

எனக்கு வந்துச்சு பாரு உற்சாகம்! அந்த வாரம்னு பாத்து கப்பல் வரல. தக்காளி எரநூறு. முட்டை கடைக்கே வரல. அவுத்து விட்டேன். தக்காளி எரநூறுட்டி, முட்டையக் கண்ணால பாத்து பத்து நாளாச்சு, தண்ணி மூணு நாளைக்கு ஒருக்காத்தான் வருது, ஒரு காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்கு போட்டு ஏறிப் போவணும், நாலு பேரா, ஐயோ, இருக்கவுகளே எப்படா அக்கரைக்குப் போவோம்னு கெடக்காக, புதுசா எவ வந்து பொழைக்க முடியும்னு மூச்சு விடாமச் சொன்னேன்.

அவ அடியாத்தின்னு சொல்லல. பொறவு, “சரிக்கா. நீ ஒடம்பப் பாத்துக்கோ”ன்னு வச்சிட்டா.

தாயி, நீ படிச்ச பிள்ள. நீயே சொல்லு. ஒருத்தி இப்பிடிக் கேட்டா யாருக்கு வெளங்கும்? “யக்கா, முடியல, நாங்க அங்க வந்திரட்டுமா”ன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் என்ன மாட்டேன்னா சொல்லிருப்பேன்? கூடப் பொறந்தவகிட்ட எதுக்கு இந்தச் சுத்தி வளைச்ச பேச்சு? அவ மேலயும் தப்பு இருக்கா இல்லையா?

சரி, விடு.

அதுக்குப் பொறவும் பை வாரது நிக்கல. சின்னதாயிட்டு, அவ்வளவுதான். ஒருதரம் வெங்காயம் மட்டும் இருந்துச்சு. நான் போன்ல கேட்டேன், “ஏட்டி, முருங்கைக்கா எங்கட்டி?”ன்னு. “அடுத்த தரம் அனுப்புதேன்க்கா”ன்னா. அனுப்பவும் செஞ்சா. நாக்க அறுக்கணும் எனக்கு. முருங்கைக்கா எங்கன்னு கேட்டிருக்கேன் பாரு!

இப்ப போன வாரம் எங்க வீட்டுக்காரரு தங்கச்சி மகளுக்கு மெட்ராஸுல கல்யாணம். அவருக்கு லீவு கெடைக்கல, நான் மட்டும் வந்தேன். கல்யாணம் முடிஞ்சதும், பேச்சிகிட்டச் சொல்லாம கொள்ளாமப் போயி நிப்போம்னு கொருக்குப்பேட்டைக்குப் போனேன். கதவத் தொறந்தது வேற ஒரு பொம்பள. வீட்டுக்காரம்மா மாடியில இருந்து எட்டிப் பாத்து, “அவங்க ஆடி மாசமே காலி பண்ணிட்டாங்களேம்மா, உங்களுக்குத் தெரியாதா?”ங்கா.

ஆடி மாசம். ஆடியில யாராச்சும் வீடு மாத்துவாகளா தாயி? ஒரு தை பொறக்கட்டும், குறைஞ்சது ஆவணி பொறக்கட்டும்னு பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடக்க மாட்டாகளா?

விசாரிச்சு விசாரிச்சுப் போனேன். எண்ணூர்ப் பக்கம், ஒரே ரூம்பு, தகரம் போட்டது. சுடலைமணி கட்டில்ல இருக்காரு. ஆட்டோ கவுந்து கால்ல கம்பி வச்சிருக்கு. ஆட்டோவ வித்து வைத்தியம் பாத்திருக்காக. மகன் படிப்ப விட்டுட்டு ஒரு கம்பெனிக்குப் போறான், மக பள்ளிக்கூடம் போறா, பேச்சி ஒரு ஆஸ்பத்திரியில தரை தொடைக்கப் போறா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. என்னப் பாத்ததும் அவளுக்குச் சந்தோசத்தப் பாக்கணுமே! “யக்கா வந்துருக்கா, யக்கா வந்துருக்கா”ன்னு பக்கத்து வீட்டுக்கெல்லாம் சத்தம் போட்டா.

“ஏட்டி பாவி, ஏன் சொல்லல?”

“உனக்கே அங்க ஆயிரம் கஷ்டம், இதுல இது வேறயாக்கா.”

அவ மனசாரச் சொல்லுதா தாயி. குத்திப் பேசத் தெரியாது அவளுக்கு. குத்திப் பேசிருந்தா நானும் பதிலுக்கு ரெண்டு பேசிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.

எனக்குக் கொழம்பு வைக்கணும்னு தெருவுல வந்த காய்வண்டிக்குப் போனா. நானும் பின்னால போனேன். வண்டிக்காரன்கிட்ட, “தக்காளி எவ்வளவுப்பா?”ன்னு கேக்கா. “அம்பது.” “அம்பதா!”ன்னு கையில எடுத்தத கீழ வச்சா. அவன் அவள ஒரு மாதிரியாப் பாத்தான். “ரெண்டு மாசமா இதே வெலதான்க்கா, நீங்க எந்த ஊருல இருக்கீங்க?”ன்னான்.

முப்பது வருசமா வெலையே பேசிக்கிட்டு இருந்தவ நான். வெல தெரியாதவ யாரு? வாங்காதவ. “உனக்குத்தான் கூடக்கா”ன்னு வாரா வாரம் அவ சொன்னது தோத்துப் போயிச் சொன்னது இல்ல. சொல்லுறதுக்கு அவகிட்ட வெல இல்ல. ரசத்துக்குக்கூடத் தக்காளி போடாம, எனக்கு வெங்காயமும் முருங்கைக்காயும் வாங்கிப் பையில போட்டு, துறைமுகத்துல வந்து நின்னிருக்கா. நான் அத அவிச்சுத் தின்னுட்டு ஜெயிச்சிட்டேன் ஜெயிச்சிட்டேன்னு சிரிச்சிருக்கேன். அந்த வண்டி பக்கத்துலயே எனக்கு அழுகை வந்துட்டு. பேச்சி, வெலையக் கேட்டு அழுவுறேன்னு நெனைச்சிட்டா. “விடுக்கா, ஒங்க ஊருக்கு இது சல்லிசு”ங்கா.

அன்னைக்கே சொன்னேன். பொட்டியக் கெட்டுங்க, எல்லாரும் எங்கூட வாங்க. வீடு இருக்கு, வாடகை கெடையாது. மாப்பிள்ளை கால நீட்டி ஒக்காந்து ரெட்டியாருக்கு வலை பின்னலாம். மகளுக்குப் பள்ளிக்கூடம் நம்ம வீட்டுல இருந்து நடக்கிற தூரம். மீனு சும்மா வருது, தேங்கா சும்மா கெடக்கு, மாங்கா உண்டு, பப்பாளி உண்டு, எல்லாம் சொன்னேன். தேங்கா வித்த காசையும் சொன்னேன்.

பேச்சி எங் கையப் புடிச்சிக்கிட்டுச் சிரிக்கா. “யக்கா, நீ எனக்காவ எப்பிடியெல்லாம் சொல்லுத!”

“நெசமாச் சொல்லுதேன்டி!”

கட்டில்ல இருந்து சுடலைமணி, “மைனி, நீங்க பெரிய மனசு பண்ணிச் சொல்லுதிய. ஆனா எங்களுக்குத் தெரியாதா? தக்காளி எரநூறு, முட்டை கண்ணுல படாது, தண்ணி மூணு நாளைக்கு ஒருக்கா, ஆஸ்பத்திரின்னா போட்டு ஏறணும். நாங்களும் வந்து உங்க தலையில ஒக்காரவா”ன்னாரு. ஒரு வார்த்தை மாறல. எல்லாம் நான் சொன்னதுதான். அப்பிடியே மனப்பாடமா வச்சிருக்காக.

சாமி சத்தியமா தாயி, நாலு நா அந்த ரூம்புல ஒக்காந்து சொன்னேன். கெஞ்சுனேன். திட்டுனேன். வீட்டுக்காரரப் போன்ல பேசச் சொன்னேன். அவரு, “வாங்க, ராஜா மாதிரி இருக்கலாம்”ன்னாரு. அத்தானும் யக்கா சொல்லிக் குடுத்துத்தான் பேசுதாருன்னு ரெண்டு பேரும் சிரிச்சாக. முப்பது வருசமா நான் சொன்னது எல்லாத்தையும் அப்பிடியே நம்புனவ, இப்ப நெசத்தச் சொன்னா ஒண்ணக்கூட நம்ப மாட்டேங்கா. இதுக்கு என்ன செய்ய? சொல்லு, என்ன செய்ய?

இன்னொண்ணு சொல்லுதேன், நீ யார்ட்டயும் சொல்லிராத. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை அவ நாலு பேருன்னு கேட்டப்போ, எனக்கு நெசமாவே வெளங்கலையா, இல்ல வெளங்காத மாதிரி இருந்துக்கிட்டேனான்னு ஒரு யோசனை. வீடு சின்னதுதான. நாலு பேரு வந்தா எங்க படுக்கன்னு மனசு ஒரு ஓரத்துல கணக்குப் போட்டிருக்குமோ? போடலன்னுதான் நெனைக்கேன். போட்டிருக்க மாட்டேன். கூடப் பொறந்தவள்லா.

இன்னைக்குக் காலையில துறைமுகத்துக்கு என் கூடவே வந்தா. வேலைக்கு லீவு போட்டுட்டு, ரெண்டு பஸ்ஸு மாறி. வாசல்ல வச்சு இந்தப் பையக் கையில திணிச்சா. வேண்டாம்ட்டின்னு நான் தள்ள, அவ திணிக்க, நான் தள்ள, போலீஸ்காரன் சண்டையான்னு கேட்டுட்டான். “கொண்டு போக்கா, அங்க வெல கூடல்லா”ங்கா. வாங்கிக்கிட்டேன். வேற என்ன செய்ய? அவ மொகத்தப் பாத்துக்கிட்டு, இங்கயும் அங்கயும் ஒரே வெலதான்டின்னு சொல்ல எனக்கு நாக்கு வரல.

அதனாலதான் நீ இந்தக் கேள்வியக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. பொறவு தோணிச்சு, இந்தப் பிள்ளைய அந்தச் சாமியே எங்கட்டிலுக்குப் பக்கத்துல படுக்க வச்சிருக்குன்னு. போன எடு. எடு தாயி, சார்ஜு இருக்குல்லா? பேச்சி நம்பரு சொல்லுதேன், போட்டு வச்சிக்கோ.

நீ போயிக் குடும்பம் நடத்து. ஒரு மாசம் ஆவட்டும். அவளுக்கு ஒரு போன் போடு. நான் மெட்ராஸுல இருந்து வந்த பிள்ள, இங்க எனக்கு இவ்வளவுதான் ஆவுதுன்னு சொல்லு. எது கூடவோ அதக் கூடன்னு சொல்லு, எது கொறைச்சலோ அதக் கொறைச்சல்னு சொல்லு. வாடகை நீ குடுப்ப, அக்கா வீட்டுல அது கெடையாதுன்னும் சொல்லு. அதுக்குள்ள ஒருநா எங்க வீட்டுக்கு வா, மரத்தையும் மீனையும் ஒங் கண்ணாலயே பாத்துட்டுச் சொல்லு. நம்பரு எப்பிடின்னு கேட்டா, கப்பல்ல அக்காகூடப் பழக்கம்னு சொல்லு; நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத, அம்புட்டும் பாழாப் போவும். கப்பல் வராத வாரமாப் பாத்துக் கூப்பிட்டுராத, என்ன?

நீ போன் போட்டதும் அவ கேக்கப் போற மொத கேள்வி எனக்குத் தெரியும். அங்க தக்காளி என்ன வெலன்னுதான் கேப்பா. சொல்லு. சொல்லிட்டு, “உங்க ஊருல என்ன வெலக்கா?”ன்னு நீ திருப்பிக் கேளு. “உங்களுக்குத்தான் கூட”ன்னு சொன்னாள்னா ஒண்ணும் பேசாத, போன வச்சிரு, எங்கிட்டயும் சொல்ல வேண்டாம். டக்குன்னு ஒரு வெல சொன்னாள்னா, எவ்வளவு சொன்னாலும் சரி தாயி, “அடியாத்தி, உங்க ஊருலதான் கூட”ன்னு ஒத்துக்கோ. ஒத்துக்கிட்டு, ஒடனே எனக்கு ஒரு போன் போடு.